மறைமலை நகரில் பிறந்த ஃபிகோ

வேதாசலம் என்ற பெயர் வடமொழி என்று சொல்லி, தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் மறைமலை அடிகள். 1916ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். தன் பெயரோடு நிற்கவில்லை, பிள்ளைகளின் பெயர்களையும் தமிழாக்கினார். செங்கல்பட்டு பக்கத்தில் அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அந்த மறைமலை நகரில்தான் ஃபோர்டு கம்பெனி 1999 முதல் கார் செய்தது.

அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட். முதலாவது எழுத்துப்பிழையோடு எழுதிய ஆங்கிலம். இரண்டாவது, திருவிழா என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். மூன்றாவது, 'சூப்பர்ப்பா!' என்பதற்கு இத்தாலியப் பையன்கள் பேச்சில் சொல்லும் கொச்சை. நான்காவது என்ன மொழி என்பது ஃபோர்டுக்கே வெளிச்சம். பெயருக்காகவே வாழ்நாள் எல்லாம் போராடிய ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய ஊரில், இத்தனை ஆண்டுகளில் ஒரு வண்டிக்குக்கூட ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. 2021ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

"காருக்குப் பேரு என்னவா இருந்தா என்ன? மைலேஜ் எவ்வளவு குடுக்குதுன்னு பாருங்க" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பெயர் என்பது வெறும் ஆசை இல்லை. பெயரில் காசு இருக்கிறது. பெயர் வைக்கிறவன் கையில் லாபம் இருக்கிறது. பெயர் இல்லாமல் உழைக்கிறவன் கையில் கூலி மட்டும் இருக்கிறது.

முதலில் இந்தப் பெயர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு காருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஜாதகத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர் என்று இருக்குமே, அந்த மாதிரி. காகிதத்தில் வரையத் தொடங்கும்போதே கம்பெனிக்குள் அதற்கு ஒரு திட்ட எண் வைத்துவிடுவார்கள். ப்ராஜெக்ட் கோடு என்பது இதுதான். ஈகோஸ்போர்ட்டுக்கு பி 515. முதலில் வரும் 'பி' சிறிய கார் வகை என்பதைக் காட்டுகிறது. ஹூண்டாய் ஐ 10 உள்ளே பிஏ, ஐ 20 உள்ளே பிபி, இயான் உள்ளே ஹெச்ஏ. ரெனோ க்விட் என்பது எக்ஸ்பிஏ. மாருதி பிரெஸ்ஸா என்பது ஒய்பிஏ. மகிந்திரா எக்ஸ்யூவி 500 என்று ஊரெல்லாம் ஓடியதற்கு உள்ளே டபிள்யூ 201 என்று பெயர். பிஎம்டபிள்யூ 2007ல் சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை திறந்தபோது அங்கே கோத்த 3 சீரிஸ் காருக்கு ஈ 90 என்று எண். அந்த 'ஈ', மேம்பாடு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

இந்த எண்ணுக்கு அழகு கிடையாது, ஆனால் நேர்மை உண்டு. எந்த வகை, எந்தத் தலைமுறை, எந்த அடித்தளத்தில் கட்டியது என்று தெரிந்தவனுக்கு அதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரஸ் ஷாப்பில் கதவுத் தகடு அடிக்கிறவர், டை செய்கிறவர், ஒயரிங் கோக்கிற பெண்கள் என்று எல்லோருக்கும் முதலில் தெரிவது இந்த எண்தான். வரைபடத்தில் அதுதான் இருக்கும், பெட்டியில் ஒட்டிய சீட்டில் அதுதான் இருக்கும். உழைப்பு முழுவதும் எண்ணின் பெயரில் நடக்கிறது. கூப்பிடும் பெயர் கடைசியில் வருகிறது. அது வந்தவுடன் விளம்பரம் வருகிறது, நடிகர் வருகிறார், விலை வருகிறது. எண் மறைந்துவிடுகிறது.

சரி, கூப்பிடும் பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? சுருக்கமாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று அசை போதும். கடைசியில் உயிரோசை வந்தால் நல்லது, வாயில் நிற்கும். விற்கிற நாடு எதிலும் கெட்ட அர்த்தம் வரக்கூடாது. வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடிய வேண்டும். பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரிந்திருக்கும். இந்திய வணிகச் சின்னச் சட்டம் 1999ன்படி வண்டிகள் 12ம் வகுப்பில் வரும். பொருளின் தரத்தையோ தன்மையையோ அப்படியே சொல்லும் சொல்லுக்குப் பதிவு வாங்குவது கஷ்டம். 'வேகமான கார்' என்று பெயர் வைத்து அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. அதனால்தான் கம்பெனிகள் அர்த்தமே இல்லாத சொல்லையோ, தூர தேசத்துச் சொல்லையோ தேடி ஓடுகின்றன.

இதுவரை எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? 'விஞ்ஞானபூர்வமான தேர்வு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த விஞ்ஞானத்தின் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

மகிந்திரா கம்பெனியின் பெயர்ப் பட்டியலைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சைலோ, வெரிட்டோ, குவாண்டோ, மராஸ்ஸோ. எல்லாம் 'ஓ'வில் முடியும். எக்ஸ்யூவி 500 என்று வைத்தார்களே, அங்கே 'ஓ' எங்கே? இருக்கிறது. 'ஃபைவ் ஹண்ட்ரட்' என்று சொல்லக்கூடாது, 'ஃபைவ் டபுள் ஓ' என்று சொல்ல வேண்டும். 2024ல் எக்ஸ்யூவி 300 வண்டியைப் புதுப்பித்து 'எக்ஸ்யூவி 3 எக்ஸ் ஓ' என்று இறக்கினார்கள். அதிலும் 'ஓ'. மும்பையில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசிக்கிற சபையில் ஓர் எழுத்தின் ராசிக்கு இத்தனை மரியாதை. மகனுக்குப் பெயர் வைக்கக் கூட்டெண் பார்க்கிறவரைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, 'எல்லா நாட்டிலும் சரியாக ஒலிக்கும் பெயர்' என்ற வாதம். மிட்சுபிஷி பஜேரோ என்ற வண்டியை எல்லோரும் அறிவார்கள். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அதையும் கோத்தார்கள். அந்தப் பெயர் ஸ்பானிய மொழியில் வீட்டில் சொல்ல முடியாத கெட்ட வார்த்தை. ஸ்பெயினில் அதை 'மொன்டெரோ' என்று மாற்றி விற்றார்கள். உலகத்துக்கே கார் விற்ற கம்பெனிக்கு ஸ்பானிய மொழி தெரிந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை.

டாடா கம்பெனி ஒரு சின்னக் காரைத் தயாரித்தது. உள்ளே அதற்கு 'கைட்' என்று பெயர், பட்டம். வெளியே 'ஜிகா' என்று வைத்தார்கள். விளம்பரம் எல்லாம் தயார். 2016 பிப்ரவரி 1 அன்று ஜிகா வைரஸுக்காக உலக சுகாதார அமைப்பு அவசரநிலை அறிவித்தது. அடுத்த நாளே டாடா பெயரை மாற்றுவதாகச் சொன்னது. மூன்று பெயர்களைக் கொடுத்து மக்களிடம் வாக்குக் கேட்டு 'டியாகோ' என்று முடிவு செய்தார்கள். ஏப்ரலில் கார் விற்பனைக்கு வந்துவிட்டது. பல மாதம் ஆராய்ந்து வைத்த பெயர் என்றார்கள். சில வாரத்தில் வேறு பெயர் கிடைத்தது, கார் நன்றாகவே விற்றது. அப்படியானால் அந்த முதல் பெயரில் என்ன பெரிய விஞ்ஞானம் இருந்தது?

2024 நவம்பரில் மகிந்திரா 'பிஇ 6இ' என்ற மின்சாரக் காரைக் காட்டியது. '6இ' எங்கள் விமானங்களின் குறியீடு என்று இண்டிகோ விமான கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் கார் 'பிஇ 6' ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, டாடா பல வருடம் விற்ற ஒரு காரின் பெயரே இண்டிகோ. 2002ல் கார் வந்தது, விமானம் பறந்தது 2006ல். ஓர் எண்ணுக்கும் ஓர் எழுத்துக்கும் இரண்டு பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் வரை போகின்றன என்றால், பெயரில் எவ்வளவு காசு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்கு.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் சாண்ட்ரோவை இறக்கியது. பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான செயின்ட் ட்ரோபே என்ற பெயரைச் சுருக்கியதுதான் சாண்ட்ரோ. பின்னால் வந்த க்ரெட்டா, கிரேக்கத் தீவு ஒன்றின் பெயர். டூசான், அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து ஊர். சாண்டா ஃபே, நியூ மெக்சிகோ மாகாணத்து ஊர். பூகோளப் பாடப் புத்தகமே ஷோரூமில் நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டை மட்டும் இல்லை.

"அது கொரியாக்காரன் கம்பெனி, அவன் வரைகிறான், அவன் பெயர் வைக்கிறான்" என்று சமாதானம் சொல்லலாம். சரி, வரைந்தவனுக்கே பெயர் வைக்கும் உரிமை என்று வைத்துக்கொண்டால், மராஸ்ஸோவுக்கு என்ன பதில்?

2018 செப்டம்பரில் வந்த மராஸ்ஸோவின் திட்ட எண் யூ 321. அதன் பொறியியல் வேலையில் பெரும்பங்கு நடந்தது செங்கல்பட்டு பக்கம், மகிந்திரா ரிசர்ச் வேலியில். அமெரிக்காவில் உள்ள மகிந்திராவின் மையமும் இத்தாலியின் பினின்ஃபரினாவும் கைகொடுத்தன. வண்டியின் வடிவத்துக்குச் சுறாமீனை மாதிரியாக வைத்தார்கள். அதற்கேற்ற பெயர் தேடினார்கள். எங்கே போனார்கள்? ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கு. அந்த மொழியில் 'மராஸோ' என்றால் சுறா. 'ஓ'விலும் முடிகிறது. முடிந்தது கதை.

அந்த ஆராய்ச்சி மையத்திலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம்? கல்பாக்கத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், அது சுறா. இரண்டு எழுத்து, இரண்டு அசை. கடைசியில் உயிரோசை. 'ழ' இல்லை, 'ற' மட்டும் கொஞ்சம் கரகரப்பு. அதைப் பஞ்சாபி சொன்னாலும் 'சுரா'தான் வரும், குடி முழுகிப் போய்விடாது. (வடமொழியில் 'சுரா' என்றால் மது என்று ஒரு சட்டச் சிக்கல் வரலாம். குடித்துவிட்டு ஓட்டாதே என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளட்டும்.) ஆக, தமிழ்நாட்டில் வரைந்த வண்டிக்கும் தமிழில் பெயர் வைக்க அனுமதி இல்லை. வரைந்தவனுக்கே உரிமை என்ற நியாயமும் அடிபட்டுப் போகிறது.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். வெளியூர்க்காரனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டிவிஎஸ் என்பது 1911ல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமம். ஓசூரில் வண்டி செய்கிறது. பெயர்கள்? விக்டர், அப்பாச்சி, ஜூபிடர். அப்பாச்சி என்பது அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர். எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட், நிறுவனர் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் வைத்த கம்பெனி. சொந்த மகன் பெயரை வைக்கத் தெரிகிறது. 2011ல் அது இறக்கிய சிறிய சரக்கு வண்டிக்குப் பெயர் தோஸ்த். நண்பன் என்றால் யார் ஏறமாட்டேன் என்றார்கள்? அதற்கும் முன்னால், சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த கார்கள் ஹெரால்டு, கெஸல். கெஸல் என்றால் ஒரு வகை மான். அரை நூற்றாண்டுக்கு முன்பே மானுக்கும் தமிழில் பெயர் இல்லை!

இனி எதிர்வாதங்களைப் பார்க்கலாம்.

ஒன்று: "இந்தியா முழுவதும் விற்கும் வண்டிக்கு ஒரு மாநிலத்து மொழியில் பெயர் வைக்க முடியாது." தார் என்று ஒரு ஜீப் தமிழ்நாட்டில் எத்தனை ஓடுகிறது? அது ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர். பிரீமியர் பத்மினி சித்தூர் ராணியின் பெயர். சென்னையில் யாராவது பத்மினி வேண்டாம் என்றார்களா? டாடா சுமோ என்பதை ஜப்பான் மல்யுத்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது டாடா கம்பெனியைக் கட்டி எழுப்பிய சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதல் எழுத்துகள். ஒரு மராட்டியப் பெயர் ஊரெல்லாம் ஓடுகிறது, டிக்கியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு.

இரண்டு: "ஏற்றுமதிக்கு ஒத்துவராது." டொயோட்டா கேம்ரி அமெரிக்காவில் விற்றுத் தள்ளிய கார். கிரீடம் என்று பொருள்படும் 'கன்முரி' என்ற ஜப்பானியச் சொல்லைத் திருத்தியதுதான் கேம்ரி. கொரியாவின் டேவூ கம்பெனி 1997ல் இறக்கிய நுபீரா, கொரிய மொழிச் சொல். உலகம் முழுக்க விற்றார்கள்.

மூன்று: "அது பெரிய நாடு செய்யலாம், சின்ன மொழிகளுக்கு நடக்காது." இந்தோனேசியாவைப் பாருங்கள். டொயோட்டா 1977ல் அங்கே ஒரு வண்டியை இறக்கியபோது 'கிஜாங்' என்று பெயர் வைத்தது. இந்தோனேசிய மொழியில் மான். அதே வண்டியின் பிற்காலத் தலைமுறை 2000ல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே அதற்குப் பெயர் குவாலிஸ். அதன் வாரிசுக்கு அங்கே கிஜாங் இன்னோவா, இங்கே வெறும் இன்னோவா. ஒரே கம்பெனி, ஒரே வண்டி. அங்கே மானுக்கு மரியாதை கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. வித்தியாசம் கம்பெனியிடம் இல்லை, கேட்கிறவனிடம் இருக்கிறது.

மலேசியாவில் 1985ல் வந்த முதல் தேசியக் கார் புரோட்டான் சாகா. சாகா என்பது ஒரு மரத்தின் சிவப்பு விதை. தமிழில் ஆனைக்குன்றிமணி என்பார்கள். பின்னால் வந்தவை வீரா, சத்ரியா, பெர்டானா. அதாவது வீரன், சத்திரியன், பிரதானம். 1994ல் வந்த பெரோடுவா கஞ்சில், சருகுமான். கிள்ளானிலும் ஈப்போவிலும் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார்! மலாய் மொழியில் பெயர் வைத்ததால் கஞ்சில் விற்காமல் போய்விடவில்லை.

நான்கு: "பெயரில் என்ன இருக்கிறது?" இதுதான் முக்கியமான கேள்வி. பதில், கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

2018ல் ஹூண்டாய் ஒரு புதிய சிறு காரைத் தயாரித்தது. உள்ளே ஏஹெச் 2. எத்தனையோ புதுப்பெயர் வைத்திருக்கலாம். கடைசியில் ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு முன் நிறுத்திய சாண்ட்ரோ என்ற பெயரையே மறுபடி எடுத்தார்கள். 2020ல் டாடா 'கிராவிடாஸ்' என்று காட்டிய வண்டி 2021ல் 'சஃபாரி' என்ற பழைய பெயரில் விற்பனைக்கு வந்தது. மாருதி பலேனோவும் டொயோட்டா க்ளான்ஸாவும் அடிப்படையில் ஒரே கார், முன்பக்கத்தில் முத்திரை வேறு. ரெனோ டஸ்டரும் நிஸ்ஸான் டெரானோவும் ஒரகடத்தில் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. பெயர் மாறியது, கூடவே விலையும் கொஞ்சம் மேலே போனது. தகடும் இன்ஜினும் தேயும், பெயர் தேயாது. அது சொத்து.

அந்தச் சொத்து யாருடையது? ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி தன் விற்பனை வருமானத்தில் 3.5 சதவீதத்தைத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டியாகக் கட்டுகிறது. பெயருக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து. 100 ரூபாய் விற்றால் 3 ரூபாய் 50 காசு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும். 2024 அக்டோபரில் அந்த இந்தியக் கம்பெனியின் பங்குகளைச் சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே மிகப் பெரிய பங்கு வெளியீடு. தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது, பணம் முழுவதும் அதற்கே போனது. சட்டப்படி சரிதான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் தகடு அடித்தவருக்கும் நிலம் கொடுத்த ஊருக்கும் அந்தப் பெயரில் பத்துப் பைசா பங்கு கிடையாது. பெயர் வைத்தவனுக்கு ராயல்டி, எண்ணின் கீழ் உழைத்தவனுக்குச் சம்பளம். இதுதான் 'பெயரில் என்ன இருக்கிறது' என்பதற்குப் பதில்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தார்கள். கார்களின் பெயர் விஎஃப் 6, விஎஃப் 7. கம்பெனியின் எழுத்தும் ஓர் எண்ணும். முத்துக் குளித்த ஊரில் செய்கிற காருக்கு 'முத்து' என்று வைத்தால் வியட்நாம்காரனுக்கும் சொல்ல வராதா என்ன?

உண்மையில் வண்டிக்குப் பெயர் வைக்கத் தமிழனுக்குத் தெரியாமல் இல்லை. 2005ல் டாடா 'ஏஸ்' என்ற சின்ன சரக்கு வண்டியை இறக்கியது. சீட்டுக்கட்டில் ஆஸ் என்பார்களே, அந்தச் சொல். தொப்பம்பட்டியில் போய் 'ஏஸ் வண்டி வாடகைக்குக் கிடைக்குமா' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'குட்டி யானை' என்று கேளுங்கள், பத்து நிமிடத்தில் வந்து நிற்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு போவது குட்டி யானைதான். சின்ன உருவம், பெரிய சுமை. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த விளம்பரக் கம்பெனி கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கும்? கொடுத்தவர்கள் யார் என்றே தெரியாது. ஒரு பைசா யாரும் கேட்கவில்லை. கம்பெனி வைத்த பெயரை மக்கள் தூக்கிப் போட்டுவிட்டுத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. பழநி, தாராபுரம், காங்கேயம் பக்கத்து விவசாயிகள் மாட்டுக்கு வைத்திருக்கும் சொற்களைக் கேளுங்கள். மயிலை, செவலை, காரி, பிள்ளை. நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த மாடு என்று தெரிந்துவிடும். சங்க காலத்துக் கடையெழு வள்ளல்களில் காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. பாரி முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுவிட்டு வந்தவன். காரி, ஓரி, பாரி. இரண்டே எழுத்து. 'ழ' இல்லை. உயிரோசையில் முடிகிறது. பொருளின் தரத்தை நேரடியாகச் சொல்லவில்லை, ஆகவே சட்டத்துக்கும் பிரச்சினை இல்லை. கம்பெனிகள் போடுகிற நிபந்தனை எல்லாவற்றிலும் தேறிவிடுகின்றன. பாரி என்றால் மிட்டாய் கம்பெனி ஞாபகம் வரலாம், அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். பழநி மலைக்காரன் பேகன் பெயரை வைத்தால் ஆங்கிலத்தில் வேறு அர்த்தம் வரும், அதை விட்டுவிடலாம். பஜேரோ செய்த தப்பைத் தமிழிலும் செய்ய வேண்டியதில்லை.

கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2006ல் தமிழில் தலைப்பு வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அதன்பிறகுதான் 'சம்திங் சம்திங்' என்று தொடங்கிய ஒரு தலைப்பு 'உனக்கும் எனக்கும்' ஆனது. தமிழ் பேசுகிறவர்களுக்காகத் தமிழர்கள் எடுத்த படத்துக்கே தமிழ்ப் பெயர் வைக்க வரிச்சலுகை தேவைப்பட்டது. அப்புறம் கார்க்காரனை மட்டும் எப்படிக் குறை சொல்வது? 'காரி' என்று ஒரு கார் வந்தால் முதலில் சிரிக்கப்போவது டெல்லிக்காரன் இல்லை, சென்னைக்காரன்தான். "என்னடா பேரு இது, மாட்டுக்கு வைக்கிற மாதிரி" என்பான். அதே ஆள் 'ஜாகுவார்' என்ற காட்டுப்பூனை இனத்தின் பெயரைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். கம்பெனிகள் முட்டாள்கள் இல்லை. இந்தச் சிரிப்பு அவர்களுக்கு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று பேரிடம். நிலமும் சாலையும் வரிச்சலுகையும் கொடுத்து ஒப்பந்தம் போடுகிற அரசாங்கம், அடுத்த ஒப்பந்தத்தின்போது ஒரு வண்டிக்காவது தமிழ்ப் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம், கேட்டாலே போதும். டொயோட்டா இந்தோனேசியாவில் வைக்கவில்லையா? தமிழ்நாட்டிலேயே வரைந்து, தமிழ்நாட்டிலேயே செய்கிற டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்றவர்கள் வெட்கப்படாமல் முதல் அடி வைக்கலாம், இவர்களுக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இல்லை. மூன்றாவது ஆள்தான் முக்கியம். கிண்டியிலும் கோவையிலும் மெக்கானிக்கல் படித்துவிட்டு, வெளிநாட்டுக் கம்பெனியின் எண்ணுக்குக் கீழே பம்பர் வரைந்துகொண்டிருக்கும் இளைஞர்கள். முழு வண்டியையும் வரைந்து, சொந்தமாக்கிக்கொண்டு, பெயர் வைக்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொள்ளாதவரை மற்ற இரண்டு பேரிடம் கேட்பது பிச்சைதான்.

அதுவரைக்கும் இருங்காட்டுக்கோட்டையில் கிரேக்கத் தீவு பிறந்துகொண்டே இருக்கும். ராயல்டி கப்பலேறிக்கொண்டே இருக்கும். ஒட்டன்சத்திரம் ரோட்டில் குட்டி யானை மட்டும் தன் சொந்தப் பெயரில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும்.

பி.கு.: மறைமலை அடிகள் இன்று இருந்திருந்தால் ஃபிகோவுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்? ஆளுக்கு ஒன்று யோசித்து வையுங்கள். இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம். 'ஓ'வில் முடிந்தால் மும்பையில் உடனே எடுத்துக்கொள்வார்கள்.